புரதம் சும்மா இருப்பதில்லை

திருநகரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். பாடநூலில் புரதம் அசையாத படமாகக் கிடக்கிறது. உடலுக்குள்ளோ ஓயாமல் நெளிகிறது. எக்ஸ்-கதிர்ச் சோதனை பெரும்பாலும் அதன் சராசரி நிலையைத்தான் காட்டும். அணுக்களுக்கிடையிலான விசைகளைக் கணக்கிட்டு, அந்த அசைவைக் கணினி காட்டுகிறது. 1977-இல் மெக்காமன், கெலின், கார்ப்ளஸ் மூவரும் 58 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தை அப்படி அசைத்துப் பார்த்தார்கள். கிடைத்தது 10 பிக்கோ வினாடிக்கும் குறைவான நேரத்து அசைவு. ஆனால் சோதனைத் தரவோடு ஒத்துப்போகாத கணினிக் கணக்கை நம்பக் கூடாது.

அதற்கும் முன்பே, 1963-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு வரைந்துவிட்டார்கள். புதிய புரத அமைப்புகளை இன்றும் உலகெங்கும் அந்த வரைபடத்தில் வைத்தே சரிபார்க்கிறார்கள். ஆசிரியர்களே, இதைச் சொல்லாமல் புரதப் பாடத்தை முடித்துவிடாதீர்கள்.