கலத்தின் மேனியும் காலத்தின் சான்றும்

நுழையும்முன்

மட்கலம் எளிதில் உடையும். ஆயினும், சுடப்பட்ட மண் எளிதில் அழிவதில்லை. அதனால்தான் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய கலத்தையும் சென்ற நூற்றாண்டின் கலைக்கலத்தையும் இன்று நாம் ஆராய முடிகிறது. ஒரு கலத்தின் மேனியை எவ்வாறு படிப்பது, கலங்களைத் திரட்டுவோர் எதைக் காக்க வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பொருந்தல் தந்த சான்று

பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் பொருந்தல். புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. ஈமச்சின்னம் ஒன்றில், நான்கு கால்களையுடைய சாடிக்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல்மணிகள் கிடைத்தன. கரிமக் காலக்கணிப்பு அந்நெல்லின் காலத்தைப் பொ.ஆ.மு. 490 எனக் காட்டியது. அதே ஈமச்சின்னத்தில் தமிழி எழுத்துகள் பொறித்த பிரிமனை ஒன்றும் இருந்தது. எனவே, நெல்லின் காலம் எழுத்தின் காலத்தை அறியவும் சான்றாயிற்று. பிரிமனையை மட்டும் எவரேனும் முன்னரே எடுத்துச் சென்றிருந்தால், இத்தொடர்பு அறுந்து போயிருக்கும்.

மேனியின் இருவகை

தமிழகத்துக் கறுப்பு சிவப்புக் கலங்களின் பளபளப்பு, ஈரம் உலருமுன் வழவழப்பான கல் போன்றவற்றால் தேய்த்துப் பெற்றதாகும். கண்ணாடிப் பூச்சு இதனின் வேறானது. அதன் அடிப்படை மணலில் உள்ள சிலிக்கா. அது உருக 1,700 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். மரச்சாம்பல் போன்றவற்றைச் சேர்த்தால், 1,200 முதல் 1,300 டிகிரியிலேயே உருகிக் கலத்தின்மீது கண்ணாடியாக உறையும். களிமண்ணில் உள்ள அலுமினா, அது வழிந்தோடாமல் தடுக்கும்.

பூச்சு எப்போதும் வழவழப்பாக இருக்க வேண்டியதில்லை. கலத்தைவிடப் பூச்சு மிகுதியாகச் சுருங்கினால் நுண்விரிசல்கள் வலைபோல் படரும். சிலிக்கன் கார்பைடு கலந்தால், உருகும் பூச்சினுள் வளிமக் குமிழிகள் தோன்றி வெடித்து, எரிமலைப் பாறைபோல் குழிகளை விட்டுச்செல்லும். பிழையெனக் கருதப்பட்டவற்றையும் கலைஞர்கள் அழகாக்கினர்.

கலைக்கூடக் கலங்கள்

தொழிற்சாலைகள் ஒரே அச்சில் பல்லாயிரம் கலங்களை வார்த்த காலத்தில், வடிவமைப்பு முதல் சூளை வரை தாமே செய்யும் கலைஞர்கள் தோன்றினர். பெர்னார்டு லீச்சும் ஜப்பானியக் கலைஞர் ஷோஜி ஹமாடாவும் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் நகரில் கலைக்கூடம் அமைத்தனர். வியன்னாவில் பிறந்து 1938இல் இலண்டனில் குடியேறிய லூசி ரீ, எரிமலைப் பாறை போன்ற பூச்சுகளால் புகழ்பெற்றார். இந்தியாவில், ஜப்பானில் பயின்று திரும்பிய குர்சரண் சிங் தில்லியில் இக்கலையை வளர்த்தார். 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினர். இந்தியக் கலைஞர் பலர் அங்குப் பயின்றனர்.

திரட்டுவோர் கடமை

இத்தகைய கலங்களைத் திரட்டுவோர் முதலில் நோக்குவது அடிப்பகுதியை. பூச்சுப்படாத அவ்விடத்தில் மண்ணின் நிறமும் கலைஞரின் முத்திரையும் தெரியும். லீச், லூசி ரீ ஆகியோர் தம் முத்திரையை ஈரமண்ணில் பதித்தனர். முத்திரையைத் தேய்த்துக் கழுவுவதும், உடைந்த இடத்தை மறைத்து வண்ணம் பூசுவதும் சான்றை அழிக்கும் செயல்கள். கலம் எவரிடமிருந்து, எப்போது, எங்கே பெறப்பட்டது என்னும் குறிப்பும் கலத்தோடு காக்கப்பட வேண்டும்.

மண்ணிலிருந்து வெளிப்படும் பழங்கலங்களுக்கு இவ்விதி இன்னும் கடுமையானது. கலைக்கூடத்தில் பிறந்த கலத்தின் வரலாறு அதன் முத்திரையில் இருக்கலாம்; பெயரறியாக் குயவர் வனைந்த கலத்தின் வரலாறோ அது கிடந்த மண்ணடுக்கிலும், அருகிருந்த பொருள்களிலும் உள்ளது. ஆகவே, உழும்போதோ கிணறு தோண்டும்போதோ தாழியோ ஓடோ தென்பட்டால், அதை இடம் பெயர்க்காமல் வருவாய்த்துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பதே முறை. பொருந்தலின் பிரிமனை பேசியது, அருகிருந்த நெல்லும் உடன் கிடைத்ததனால்தான்.