திரைக்கதைகளும் உடலுறுப்புக் கொடையும்: மூளைச்சாவு குறித்த பொதுமக்கள் கருத்தாக்கம்

முன்னுரை

உடலுறுப்புக் கொடை குறித்த முடிவு பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில், சில மணி நேரத்திற்குள், குடும்பத்தினரால் எடுக்கப்படுவதாகும். அவ்வேளையில் அவர்களது மனத்தில் முன்நிற்பவை அவர்கள் முன்பே பார்த்த கதைகள் எனலாம். தொலைக்காட்சித் தொடர்களும், தொலைக்காட்சிவழி இல்லங்களை அடையும் திரைப்படங்களும் இம்மனநிலையை உருவாக்கும் பாங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொடையும் ஐயமும்

2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரன் என்னும் மாணவரின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் கொடையளித்தனர். அவரது இதயம் சென்னைச் சாலைகளில் விரைந்து கொண்டுசெல்லப்பட்ட நிகழ்வு, 'டிராஃபிக்' (2011) என்னும் மலையாளப் படத்திற்கும் அதன் தமிழ் வடிவமான 'சென்னையில் ஒரு நாள்' (2013) படத்திற்கும் கருவாயிற்று. இப்படம் கொடையைச் சமூகத்தின் கூட்டுச் செயலாகக் காட்டுகிறது. மாறாக, 2015-இல் வெளியான 'காக்கி சட்டை', 'என்னை அறிந்தால்' ஆகிய படங்கள் உறுப்புத் திருட்டைக் களமாகக் கொண்டன. குறிப்பாக, 'காக்கி சட்டை' மூளைச்சாவையே மருத்துவமனையின் சூழ்ச்சியாகக் காட்டுகிறது.

கோமாவும் மூளைச்சாவும்

வெளிப்படையான எதிர்மறைச் சித்திரிப்பைவிட நுட்பமான தடை ஒன்றும் உண்டு. கோமாவில் கிடக்கும் கதைமாந்தர் ஒருநாள் கண்விழிப்பது தொடர்களில் பழகிய திருப்பம். இதில் ஊறிய பார்வையாளர், மூளைச்சாவையும் மீளக்கூடிய நிலை என்றே கருத இடமுண்டு. ஆயின், கோமாவில் மூளை இயக்கம் எஞ்சியிருக்கும். மூளைச்சாவில் மூளைத்தண்டும் மீளாது செயலிழந்துவிடும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு மருத்துவர் கொண்ட குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே இதனை உறுதிசெய்ய வேண்டும். உறுப்பு மாற்று அறுவை மருத்துவர் அக்குழுவில் இடம்பெறலாகாது. ஐயத்தை நீக்கவல்ல இவ்விதிகளுக்குக் கதைகளில் இடம் அரிது.

அமெரிக்கத் தொடர்களின் பார்வையாளரை ஆராய்ந்து சூசன் மார்கன் முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கதைமாந்தர் கொடையின் பயனையும் கொடையாளராகும் வழியையும் வெளிப்படையாகப் பேசிய தொடர்களே பார்வையாளரைக் கொடைக்குத் தூண்டின என அது காட்டுகிறது.

முடிவுரை

உறுப்புக் கொடையாளரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் எனத் தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. இது கொடைக்குப் பெருமை சேர்ப்பது; எனினும் மூளைச்சாவு பற்றிய ஐயத்தைத் தானே போக்கிவிடாது. பெரிய மருத்துவமனைகளுக்குத் தொலைவிலுள்ள சிவகிரி போன்ற ஊர்களின் குடும்பங்கள், மூளைச்சாவு என்னும் சொல்லை மருத்துவரிடம் கேட்பதற்கு முன்பே திரையில் கேட்டிருக்கக்கூடும். ஆகவே உருக்கமான காட்சியோடு, மரணம் உறுதிசெய்யப்படும் முறையையும் காட்டும் கதையே தெளிந்த இசைவுக்கு வழிவகுக்கும்.