மாணவர் கையால் ஒரு மண் கிண்ணம்

தருமப் பணிகளுக்கெனப் பாடசாலைகளில் நிதி திரட்டுவது நமது நாட்டுக்குப் புதிதல்ல. கொடி விற்பனை, உண்டியல், அதிர்ஷ்டச் சீட்டு எனப் பல உருவங்களில் அது நடைபெறுகின்றது. ஆயினும் இவற்றிலெல்லாம் பிள்ளை கொடுப்பது பெற்றோரின் பணத்தையே. காலையில் வாங்கிய நாணயத்தை உண்டியலில் இட்டதும் அதன் பங்கு முடிந்துவிடுகின்றது. தன் உழைப்பிலிருந்து ஒரு பகுதியைப் பிறருக்கெனப் பிரித்து வைக்கும் அனுபவம் அதற்குக் கிட்டுவதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பாடசாலையொன்றின் சித்திர ஆசிரியராக இருந்த ஜோன் ஹார்ட்டம் 1990 ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டார். அவரது மாணவர்கள் வகுப்பிலேயே மண் கிண்ணங்களைச் செய்தனர். நன்கொடை வழங்க வந்தோருக்கு அக்கிண்ணங்களில் சூப்பும் உடன் பாணும் பரிமாறப்பட்டன. உண்டு முடித்த கிண்ணத்தை விருந்தினர் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். உலகில் நிரம்பாமலே இருக்கும் கிண்ணங்களை அது அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும் என்பதே நோக்கமாகும். ஹார்ட்டமும் லீசா பிளாக்பேர்னும் முன்னெடுத்த இம்முயற்சி 'வெறுங் கிண்ணங்கள்' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது.

கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள பாடசாலைகள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும் என நாம் கருதுகின்றோம். பசி நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 இல் இலங்கையில் 63 இலட்சம் பேர் போதிய உணவுக்கு உத்தரவாதமற்ற நிலையில் இருந்ததாக ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் மதிப்பிட்டன. தோட்டப்புற மக்களின் நிலை ஏனையோரினதை விட மோசமாக இருந்தது. கண்டி நகரின் வகுப்பறையில் அமரும் பிள்ளைக்கும் அந்த லயன் அறைகளுக்கும் இடையிலான தூரம் சில மைல்களே.

கிண்ணம் செய்வதற்குத் திகிரியும் அவசியமில்லை. பதமாகப் பிசைந்த களிமண்ணை உருண்டையாக்கி, நடுவில் பெருவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி உயர்த்தினால் போதும். பொறுமை தேவைப்படுவது அதன் பின்னரே. நிழலில் நன்கு உலராத கிண்ணத்தினுள் எஞ்சிய ஈரம் சூளையில் நீராவியாகி அதனை வெடிக்கச் செய்துவிடும். அவசரப்பட்ட மாணவனுக்கு ஆசிரியரின் கண்டிப்பை விட அந்த ஓடுகளே நன்றாகப் புரியவைக்கும். பளபளப்புப் பூச்சு இடுவதானால் ஈயம் கலவாததாக இருத்தல் கட்டாயம். பூச்சே இடாவிடின், நம் வீடுகளில் புதுச் சட்டியைப் பழக்குவது போல அரிசி கழுவிய நீர் விட்டுக் கொதிக்கவைத்து எடுக்கலாம்.

சூளைக்கும் அதிக தூரம் போக வேண்டியதில்லை. கொழும்பு - கண்டி வீதியில் கேகாலையை அண்டிய மொலகொட இன்றும் மட்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர். கண்டி இராச்சியத்தின் கைப்பணிகளை ஆராய்ந்து 1908 இல் நூல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி குயவர் தொழிலையும் அதில் விரிவாகப் பதிவு செய்தார். அத்தகைய கலையைச் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்த பழி சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவானது. தம் பிள்ளை மண்ணில் கைவைப்பதை விரும்பாத பெற்றோர் இன்றும் உள்ளனர். ஊர்த்தொழில்களைக் கற்பிக்கவென 1972 இல் அறிமுகமான தொழில் முன்னிலைப் பாடங்கள் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. பல காரணங்கள் கூறப்பட்ட போதிலும் இந்த மனப்பான்மைக்கும் அதில் பங்குண்டு என்றே நாம் நினைக்கின்றோம். குயவர் ஒருவர் ஆசிரியராக வகுப்பறைக்குள் அழைக்கப்பட்டு, பிள்ளைகள் அவரை 'சேர்' என விளிக்கும் நாள் வர வேண்டும்.

கிண்ணத்தில் ஊற்றச் சூப்பைத் தேடி அலையவும் வேண்டாம். நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் காய்ச்சப்படும் கஞ்சி அயலிலுள்ள பிற சமயத்தவர் வீடுகளுக்கும் செல்கின்றது. கோயிலில் அன்னதானம் உண்டு. வெசாக்கில் தன்சல் உண்டு. மூன்று மொழிப் பிள்ளைகளும் சேர்ந்து வனைந்த கிண்ணங்களில் கஞ்சி பரிமாற ஒரு பாடசாலை மண்டபமும் ஒரு சனிக்கிழமையும் போதும். திரளும் பணத்தை அயலிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றின் காலை உணவுக்கு வழங்கலாம். கணக்கை மட்டும் மாணவர்களே எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டட்டும்.