வட்டி குறைந்தும் நஷ்டமா? வீட்டுக் கடனை மாற்றும் முன் ஒரு கணக்கு

வீடு நம் பெயரில் இருக்கிறது. வாசலில் பெயர்ப் பலகையும் தொங்குகிறது. ஆனால் மூலப் பத்திரம் மட்டும் பாங்கியின் பெட்டகத்தில் தூங்குகிறது! கடன் தீரும் வரை அது அங்கேதான். அந்தக் கடனை அடைத்து, பத்திரத்தை மீட்டு, வட்டி குறைவாக உள்ள இன்னொரு பாங்கியில் வைப்பதற்குக் "கடன் மாற்றம்" என்று பெயர்.

நகை விஷயத்தில் இது நம் தாய்மார்களுக்குப் பழகிய வித்தை. அடகுக் கடையில் வட்டி அதிகம் என்றால், மீட்டுக் கொண்டுபோய்க் கூட்டுறவு சங்கத்தில் வைத்துவிடுவார்கள். நகையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். வீட்டுக்கு அது முடியுமா?

ஏறி இறங்கிய வட்டி

பாங்கிகளுக்கு ரிசர்வ் பாங்கி கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டியை "ரெப்போ" என்கிறார்கள். 2020-ம் ஆண்டு மே மாதம் அது 4 சதவிகிதமாக இருந்தது. 2022 மே முதல் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6½ சதவிகிதம் ஆயிற்று. 2025 பிப்ரவரி முதல் இறங்கி, அந்த ஆண்டு டிசம்பரில் 5¼ சதவிகிதத்துக்கு வந்தது.

வட்டி ஏறிய நாளில் பலருக்கு அது தெரியவே இல்லை. மாதத் தவணை மாறவில்லை. கடனின் ஆயுள்தான் ஓசைப்படாமல் நீண்டது. பென்ஷன் வாங்கும் வயதிலும் தவணை கட்ட வேண்டிய நிலை! அதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு போட்டது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன்காரரையே தேர்ந்தெடுக்கச் சொல்லவேண்டும் என்றது.

1-10-2019 முதல் பாங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களின் வட்டி, ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைத் திருத்தியாக வேண்டும். அதற்கு முந்திய கடன்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பழைய கடன்காரர்கள் வட்டி இறங்கிய செய்தியைப் பத்திரிகையில் படித்து மகிழ்வதோடு சரி! புது மாப்பிள்ளைக்கு விருந்து, பழைய மாப்பிள்ளைக்குப் பழையசோறு என்பது பாங்கிகளிலும் உண்டு.

ஒரே கடன், இரண்டு முடிவு

ஓர் ஆசிரியருக்கு 30 லட்சம் ரூபாய் கடன் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9½ சதவிகிதம். இன்னும் 15 ஆண்டு கட்டவேண்டும். மாதத் தவணை சுமார் 31,327 ரூபாய். வேறொரு பாங்கி 8½ சதவிகிதத்துக்குத் தருகிறேன் என்கிறது.

"20 வருஷம் ஆக்கிக்கொள்ளுங்கள் சார், தவணை 26 ஆயிரத்துச் சொச்சம்தான்" என்பார் அங்கிருந்து வரும் ஏஜெண்டு. மாதம் 5 ஆயிரத்துக்கு மேல் மிச்சம்! யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் கூட்டிப் பாருங்கள். பழைய கடனிலேயே இருந்தால் 15 ஆண்டில் கட்டுவது 56 லட்சத்து 39 ஆயிரம். புதிய கடனில் 20 ஆண்டில் கட்டுவது 62 லட்சத்து 48 ஆயிரம். வட்டி ஒரு சதவிகிதம் குறைந்தும், 6 லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போகிறது.

அதே ஆசிரியர், "வட்டி குறையட்டும், தவணை பழையபடியே இருக்கட்டும்" என்று சொன்னால்? சுமார் 161 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். 19 மாதத் தவணை மிச்சம். ரூபாயில் ஏறக்குறைய 6 லட்சம். பாங்கி ஒன்றுதான், வட்டி ஒன்றுதான். கையெழுத்துப் போடும் காகிதத்தில் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடன் முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் தேவையே இல்லை. பாக்கி 5 லட்சம், மூன்றே ஆண்டு என்றால், ஒரு சதவிகிதம் குறைவதால் மொத்தத்தில் 8 ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சும். அது செலவுக்கே காணாது.

செலவு என்னென்ன?

மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்குத் தனி நபர்களிடம் பாங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று 2012 ஜூன் மாதமே ரிசர்வ் பாங்கி தடுத்துவிட்டது. ஆனால் புதிய பாங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்து, வீட்டு மதிப்பீடு, வில்லங்கச் சான்று ஆகியவை உண்டு. பத்திர ஒப்படைப்பை மறுபடியும் பதிவு செய்ய முத்திரைத் தீர்வையும் கட்டணமும் கட்டவேண்டும்.

ஆகையால் முதலில் போகவேண்டிய இடம் பழைய பாங்கிதான். "வட்டியைக் குறைக்கிறீர்களா, நான் போகட்டுமா?" என்று எழுத்து மூலம் கேட்கலாம். சிறு கட்டணத்தோடு அங்கேயே வட்டி குறைந்துவிட்டால், பத்திரத்தை அசைக்கவே வேண்டாம்.

கடனை மாற்றும்போதே, "மேற்கொண்டு 5 லட்சம் தரட்டுமா?" என்ற கேள்வியும் வரும். மகள் கல்யாணம் நெருங்கும் வீட்டில் இது பெரிய சபலம். தனிநபர் கடனைவிட வட்டி குறைவு என்பது மெய். ஆனால் மூன்று நாள் கல்யாணச் செலவுக்குப் பதினைந்து ஆண்டு வட்டி கட்டுவதோடு, தவணை தவறினால் ஆபத்து வீட்டுக்குத்தான்.

பத்திரம் பத்திரம்!

புதிய பாங்கி பணத்தைக் கட்டியதும், பத்திரம் பெரும்பாலும் ஒரு பாங்கியிலிருந்து மற்றொன்றுக்கு நேராகவே போகும். பழைய பாங்கியிடம் ஒப்படைத்தபோது பெற்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தாய்ப் பத்திரம் முதல் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் பாங்கி ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும். இது 1-12-2023 முதல் அமலில் உள்ள விதி.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய ஒப்படைப்புக்கு ரத்து ரசீது பதிவாகிவிட்டதா என்பதையும் உடனே பார்த்துவிட வேண்டும். அது விடுபட்டால், தீர்ந்துபோன கடனும் வில்லங்கச் சான்றில் தலைகாட்டிக்கொண்டே இருக்கும். வீட்டை விற்கப் போகும் அன்றுதான் அது கண்ணில் படும்.