மலைக் குள்ளரா, குன்றுக் குள்ளரா?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட வருபவர் முதலில் தமக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்க வேண்டும். குள்ளராக ஆட விரும்புகிறேன் என்றால் உடனே அடுத்த கேள்வி வரும்: எந்தக் குள்ளர்? விடுமுறையில் ஈப்போவில் நான் கதை நடத்தும் மேசையில் அதிக நேரத்தை விழுங்குவது இந்தக் கேள்விதான்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு இது. இதில் வரும் குள்ளர்கள், டோல்கீனின் கதைகள் வழியாகவும் வட ஐரோப்பியப் புராணங்கள் வழியாகவும் வந்த கற்பனை மக்கள். தாடி, கோடரி, சுரங்கம், உலைக்களம் என்று வாழ்பவர்கள். (நம் வீடுகளில் 'குள்ளன்' என்பது உயரம் குறைந்தவரைக் கேலி செய்யும் சொல். இங்கே அந்தப் பொருளில் எழுதவில்லை.)

2014 விதிநூலின்படி எல்லாக் குள்ளருக்கும் இருட்டில் கண் தெரியும். நஞ்சு எளிதில் ஏறாது. கல் வேலையைப் பார்த்தே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல்தான் பிரிவு. குன்றுக் குள்ளருக்கு விவேகத்தில் ஒரு புள்ளி கூடும், ஒவ்வொரு நிலையிலும் உயிர்ப்புள்ளி ஒன்று அதிகம். வைத்தியம் பார்க்கும் பூசாரியாக ஆட நினைப்பவருக்கு இது பொருந்தும். மலைக் குள்ளருக்கு வலிமையில் இரண்டு புள்ளி. இலேசான, நடுத்தரக் கவசங்களை அணியும் பயிற்சியும் உண்டு. மூன்றாவது பிரிவான துவேர்கர், பாதாளத்தில் வாழும் சாம்பல் நிறக் குள்ளர். வெயில் அவர்களுக்கு ஆகாது.

இதில் எனக்கு உறுத்துவது அந்தக் கவசம்தான். இருட்டில் கண் தெரிவது உடல்வாகு என்றால் சரி. கவசம் அணியப் பழகுவது இரத்தத்திலா வரும்? வாழ்நாள் முழுவதும் நூலகத்தில் கிடந்த ஒரு மந்திரவாதி மலைக் குள்ளராகப் பிறந்துவிட்டால் போதும், கவசம் மாட்டிக்கொள்ளலாம். விவரம் தெரிந்த ஆட்டக்காரர்கள் பலர் இந்த வழியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இப்படியொரு பட்டியலைப் பேராக்கும் பார்த்திருக்கிறது. 1873இல் லாருட் கலவரத்தை அடக்க கேப்டன் ஸ்பீடி பஞ்சாபியரைத் திரட்டி வந்தார்; சீக்கியர் 'போர் இனம்' என்பது ஆங்கிலேயர் எழுதி வைத்த விதி. ரப்பர் வந்ததும் பால்வெட்டுக்குத் தமிழர் என்றார்கள். தமிழருக்குள்ளும் பிரிவு உண்டு: தமிழகத்திலிருந்து வந்தவருக்கு லயமும் பால்வாளியும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்குப் பெரும்பாலும் கிராணி வேலை அல்லது ரயில்வே அலுவலகம். ஒரே மொழி பேசியவர்களை இரண்டாகப் பிரித்தது பிறப்பா? 1816இலிருந்து அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் நடத்தினார்கள்; ஆங்கிலம் அங்கே கிடைத்தது. கங்காணியோடு கப்பலேறியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. விளையாட்டின் மொழியில் சொன்னால் அது 'பின்னணி'.

விதிநூலும் அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. 2024 பதிப்பில் குள்ளருக்கு உட்பிரிவே இல்லை. குன்றுக் குள்ளரின் கூடுதல் உயிர்ப்புள்ளி எல்லாக் குள்ளருக்கும் பொதுவாகிவிட்டது. திறன் புள்ளிகள் பிறப்பிலிருந்து பின்னணிக்கு மாறின: விவசாயியா, படைவீரரா, கைவினைஞரா என்பதைப் பொறுத்து அவை கூடும். 'ரேஸ்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். படிவத்துக்குப் படிவம் 'இனம்' என்ற கட்டத்தை நிரப்பி வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாகக்கூட இருக்கலாம்.

சுவை போய்விட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் குறைப்படுவதையும் நான் ஒதுக்கவில்லை. எல்லாக் குள்ளரும் ஒரே அச்சு என்றால் கதை வறண்டுவிடும். ஆகவே என் மேசையில் புள்ளிகளை விட்டுவிட்டு ஊர்களை வைத்துக்கொண்டேன். கோப்பேங் அருகே உள்ள குவா தெம்புரோங் போன்ற சுண்ணாம்புக் குகையில் ஒரு கூட்டம். கிந்தா பள்ளத்தாக்கைப் போல் ஈயம் எடுக்கும் சமவெளியில் இன்னொரு கூட்டம். 1985இல் ஈய விலை சரிந்தது நமக்குத் தெரியும். சுரங்கம் மூடியபின் சமவெளிக் குள்ளர் எங்கே போவார்கள், குகைக்காரர்கள் அவர்களுக்குக் கதவு திறப்பார்களா என்பதிலேயே மூன்று வாரம் ஓடியது. இருவரையும் பேச்சிலும் சாப்பாட்டிலும் பழைய சண்டையிலும் பிரித்தறியலாம்.

துவேர்கர்தான் சிக்கல். மூளையை உண்ணும் அரக்கர்களிடம் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டு, பிறகு தப்பியவர்கள் என்கிறது அவர்களின் கதை. அவர்கள் கொடியவர்கள் என்றும் பழைய நூல்கள் சொல்கின்றன. தோட்டத்தில் பிறந்த தாத்தா பாட்டி உள்ளவர்கள் சுற்றி அமர்ந்திருக்கும் மேசையில் இதை வாசித்தபோது, "அடிமையா வெச்சிருந்தவன விட்டுட்டு இவங்களயா கெட்டவங்கன்றாங்க?" என்று கேட்டாள் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி. அடுத்த ஆட்டத்துக்கு அவளே துவேர்கர் பாத்திரம் ஒன்றை எழுதி வந்தாள்.

தொடங்க விரும்புவோருக்குப் புத்தகச் செலவு தேவையில்லை. 2023இல் திறந்த உரிமத்தில் விடப்பட்ட அடிப்படை விதித்தொகுப்பு இணையத்தில் இலவசம். அதில் குன்றுக் குள்ளர் மட்டும்தான் இருக்கிறார். மலைக் குள்ளரை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.