தலப்படம் கொண்டு நீர்வரத்து அறியும் முறை

பயிருக்கு நீர் உயிர். நீரோ நிலத்தின் மேடு பள்ளத்துக்குக் கட்டுப்பட்டது. தத்தம் வயலின் மேடு பள்ளத்தை விவசாயிகள் கண்ணாலும் காலாலும் நன்கறிவர். ஆயினும், தம் கண்மாயில் வந்து சேரும் நீர் எந்தக் காட்டில் பெய்த மழையினது, எவ்வெவ்வூர் எல்லைகளைக் கடந்து வருகின்றது, வரும் வழியில் எங்கே தடைப்படக்கூடும் என்று வினவினால் திட்டமாக விடையளிப்போர் மிகச் சிலரே. ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் நிகழ்வதை வரப்பின்மீது நின்று காணவியலாது என்பதே காரணம். இக்குறையைத் தீர்க்கவல்லது ஸர்வே ஆப் இந்தியா இலாகாவார் வெளியிடும் தலப்படமாகும். இதனை 'டோபோ ஷீட்' எனவும் வழங்குவர்.

கிராமப் படமும் தலப்படமும்

கிராமப் படத்தில் ஸர்வே எண்களும், புலங்களின் எல்லைகளும், புறம்போக்குகளும் காணப்படும். நிலத்தின் உயரம் அதில் காட்டப்படுவதில்லை. ஊரெல்லையுடன் படமும் முடிந்துவிடும். நீரோ ஊரெல்லையில் நின்றுவிடுவதில்லை. தலப்படத்தில் ஸர்வே எண்ணும் பட்டா விவரமும் இரா. ஆனால் பல ஊர்களின் மலை, காடு, ஓடை, கண்மாய், சாலை ஆகிய யாவும் உயரக் குறிப்புடன் ஒரே தாளில் அமைந்திருக்கும். ஆகவே வரப்புத் தகராற்றுக்குப் புலப்படமும், நீர்வரத்தின் விசாரணைக்குத் தலப்படமும் ஏற்றவை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

அளந்த வரலாறு

ஸர்வே ஆப் இந்தியா 1767-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இத்தேசத்தைப் பெரு முக்கோணங்களாகப் பகுத்து அளக்கும் வேலையை 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பார் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கினார். மலையில்லாத தஞ்சைச் சீமையில் கோயில் கோபுரங்களே குன்றுகளாக உதவின. 1808-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றுங்கால் அளவைக் கருவி மோதிப் பழுதுற்றதும் அவ்வரலாற்றில் ஒன்று. இவ்வாறு அளந்த இடங்கள் படத்தில் சிறு முக்கோணக் குறியுடனும் உயர எண்ணுடனும் காணப்படும்.

படத்தின் எண்

வட அட்சம் 8 பாகை முதல் 12 பாகை வரையும், கீழைத் தீர்க்கம் 76 பாகை முதல் 80 பாகை வரையும் உள்ள நிலப்பரப்புக்கு 58 என்பது எண். இஃது ஆங்கில எழுத்து வரிசையில் 16 பகுதிகளாகவும், ஒவ்வொரு பகுதியும் மீண்டும் 1 முதல் 16 வரை எண்ணிட்ட படங்களாகவும் பகுக்கப்பட்டுள்ளது. உதாரணமாக, மதுரை நகரம் '58 கே 1' என்னும் படத்தில் அடங்கும். 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் வெளிவந்த புது வரிசைப் படங்களுக்கு எண்முறை வேறு. படம் கோருவோர் தம் ஊரின் அட்ச தீர்க்கங்களைக் குறிப்பிடின் பிழை நேராது.

அளவும் நிறமும்

பழைய படங்களில் ஓர் அங்குலம் நிலத்தில் ஒரு மைலைக் குறிக்கும். அவற்றில் ஒரு சதுர அங்குலம் 640 ஏக்கராகும். பிற்காலத்துப் படங்களின் அளவு 50,000-க்கு 1. அதாவது, படத்தில் 2 சென்டிமீட்டர் நிலத்தில் 1 கிலோமீட்டர். படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் நிலத்தில் 25 ஹெக்டேர், ஏறக்குறைய 62 ஏக்கர். இவ்வொரு கணக்கை மனத்தில் இருத்தினால் மற்றவை எளிதாம்.

நீலம் நீரையும், பச்சை காட்டையும், மஞ்சள் சாகுபடி நிலத்தையும், சிவப்பு சாலையையும் குடியிருப்பையும் காட்டும். வறண்டுபோகும் ஓடைகளும், ரயில் பாதையும், ஊர்ப்பெயர்களும் கறுப்பில் இருக்கும். பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய கோடுகளே படத்தின் சாரம். அவை சம உயரக் கோடுகள் எனப்படும்.

சம உயரக் கோடுகள்

நிறைந்த கண்மாய் சிறிது சிறிதாக வற்றுங்கால் உட்புறத்தில் சேற்று வரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிந்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். ஒவ்வொரு வரையும் ஒரே மட்டத்தில் நின்ற நீரின் விளிம்பாகும். அவ்வரைகளை வானத்திலிருந்து நோக்கித் தாளில் எழுதினால் அவையே சம உயரக் கோடுகள். 50,000-க்கு 1 அளவுள்ள படங்களில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே பெரும்பாலும் 20 மீட்டர் உயரபேதம் உண்டு. படத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்க.

கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு கடுமை. விலகியிருந்தால் சரிவு மென்மை. இரு கோடுகளின் இடைவெளி 1 சென்டிமீட்டராயின், 500 மீட்டர் தூரத்தில் 20 மீட்டர் இறக்கம். அதாவது 25-க்கு 1. அவ்விடைவெளி 2 மில்லிமீட்டராயின் 5-க்கு 1; அவ்விடத்தில் உழவு செய்யின் மண் அரித்துப்போவது திண்ணம்.

கோடு கலப்பைக் கொழுவின் முனைபோல் மடங்குமிடங்களைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். முனை மேட்டை நோக்கியிருந்தால் அஃது ஓடை வழி. பள்ளத்தை நோக்கியிருந்தால் அது மேட்டு முகடு. ஓடையில் நீர் சேரும். முகட்டில் நீர் இரண்டாகப் பிரியும்.

இராமநாதபுரம் போன்ற சமநிலப் பகுதிகளில் 20 மீட்டர் கோடுகள் அரிதாகவே காணப்படும். அங்கே கண்மாய்க் கரையே வழிகாட்டி. கரை பிறைபோல் வளைந்து தன் உட்புறத்தை மேட்டுக்குக் காட்டி நிற்கும். வெளிப்புறத்தில் மதகும் ஆயக்கட்டும் இருக்கும். பல கண்மாய்க் கரைகளை ஒருங்கே நோக்கினால் நிலம் எத்திசையில் சாய்கின்றது என்பது கோடின்றியே விளங்கும்.

நீர்ப்பிடிப்பு வரையும் விதம்

முதலில் படத்தின் வடக்கைத் திசையறி கருவியாலோ, கோபுரம், குன்று முதலிய அடையாளங்களாலோ நிலத்தின் வடக்குடன் பொருத்திக்கொள்க. பிறகு படத்தின்மீது மெல்லிய தாளைப் பரப்பி, கண்மாய்க் கரையின் ஒரு முனையிலிருந்து பென்சிலால் முகட்டின் வழியே மேல்நோக்கிச் செல்க. ஓடையை எங்கும் கடத்தல் கூடாது. கடந்தால் வழி தவறியதாகக் கொள்க. மறு முனையிலிருந்தும் இவ்வாறே சென்று, இரண்டும் உச்சியில் கூடியதும் உள்ளடங்கிய பரப்பே நீர்ப்பிடிப்பாகும். அதனைக் கட்டமிட்ட தாளில் வைத்துச் சதுரங்களை எண்ணுக.

ஒரு கண்மாயின் நீர்ப்பிடிப்பு 12 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அது 300 ஹெக்டேராகும். அப்பரப்பிலிருந்து 1 சென்டிமீட்டர் கனமுள்ள நீர் வழிந்தோடி வந்தால் கண்மாய்க்கு 30,000 கன மீட்டர் நீர் கிடைக்கும். படம் அச்சிட்ட பின்னர் அந்நிலத்தின் குறுக்கே மேடான சாலையொன்று எழும்பி, போதிய மதகில்லாமல் 4 சதுர சென்டிமீட்டர் பரப்பின் நீரை அப்பால் திருப்பிவிட்டதாயின், வரத்தில் மூன்றிலொரு பங்கு போயிற்று. ஊரார் மழை பொய்த்ததென்று எண்ணுவர். பெரும் பணம் செலவிட்டுக் கண்மாயைத் தூர் வாருவர். தூர் வாருவதால் நீர் நிற்கும் இடம் பெருகுமேயன்றி வரும் நீர் பெருகாது. செய்யற்பாலது வேறு, சாலையின் எந்த இடத்தில் ஓடை குறுக்கிடுகின்றதென்று படத்தால் கண்டு, அங்கே மதகு அமைக்கக் கோருவதாம். வரத்துக்கால் ஆக்கிரமிப்புக்கும் இது பொருந்தும். 'நீர் வரவில்லை' என்னும் மனுவைவிட, தடைப்பட்ட இடத்தையும் இழந்த பரப்பையும் குறித்த மனுவே மேலதிகாரிகளிடம் விரைவில் பயன் தரும்.

எச்சரிக்கை

படம் அளந்த ஆண்டு அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பின் தோன்றிய சாலை, கட்டடம், தூர்ந்த ஓடை ஆகியவை அதில் இரா. ஆதலின் படத்தில் கண்டதை மழை நாளில் நேரிற் சென்று சரிபார்த்தல் இன்றியமையாதது. அந்நாளில் நீரே தன் வழியைச் சொல்லும். மேலும், 20 மீட்டர் கோடு வயலிலுள்ள ஒரு முழ மேட்டைக் காட்டாது. வரப்புப் போடவும் வாய்க்கால் வெட்டவும் லெவல் கருவியால் மட்டம் பார்த்தலே முறை.

முற்காலத்தில் இப்படங்கள் எளிதிற் கிட்டவில்லை. 2017-ஆம் ஆண்டில் ஸர்வே ஆப் இந்தியா புது வரிசைப் படங்களை இணையத்தின் வாயிலாக இந்தியக் குடிகளுக்கு இலவசமாய் அளிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு கிராமத்திலும் கிராமப் படத்துடன் தலப்படமொன்றும் இருத்தல் நலம். கண்மாயின் நீர்ப்பிடிப்பை அதில் ஒருமுறை வரைந்து வைத்துவிட்டால், மேலூராரும் கீழூராரும் நீருக்காக வழக்கிடுமுன் ஒரே தாளை நடுவே வைத்துப் பேசலாம். அதுவே அரை வழக்கைத் தீர்த்ததாகும்.