சீருடையைத் துறந்த தேசபக்தர்: கேப்டன் அமெரிக்காவின் பழைய சாகசங்கள் உணர்த்துவது என்ன?

அமெரிக்கக் கொடியின் நிறங்களையே உடையாக அணிந்த சித்திரக்கதை நாயகர் ஒருவர், தன் நாட்டின் ஆட்சியாளர்கள் நெறி தவறியபோது அந்த உடையைக் கழற்றி வைத்தார். 1974-ஆம் ஆண்டிலும் 1987-ஆம் ஆண்டிலுமாக இருமுறை அவர் அவ்வாறு செய்தார். கேப்டன் அமெரிக்காவின் பழைய சாகசங்களை இன்று மீண்டும் வாசிப்போருக்கு, அவரது உடல் வலிமையைக் காட்டிலும் இந்த இரு முடிவுகளே அவரைச் சரியாக அறிமுகம் செய்கின்றன.

போருக்கு முன்பே விழுந்த குத்து

ஜோ சைமன், ஜாக் கிர்பி ஆகிய இருவரும் 'டைம்லி காமிக்ஸ்' நிறுவனத்துக்காக இந்தப் பாத்திரத்தை உருவாக்கினர். முதல் இதழில் 1941 மார்ச் என்று அச்சிடப்பட்டிருந்தாலும், 1940 டிசம்பரிலேயே அது கடைகளுக்கு வந்துவிட்டது. அதன் அட்டையில் நாயகர், ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்துகிறார்.

அப்போது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை. பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் தாக்குதல் நடத்தியது 1941 டிசம்பர் 7 அன்றுதான். ஐரோப்பாவின் போரில் தலையிட வேண்டியதில்லை என்ற கருத்து அமெரிக்காவில் வலுவாக ஒலித்த காலம் அது. யூதக் குடும்பங்களில் பிறந்த சைமனுக்கும் கிர்பிக்கும் அந்த அட்டை ஓர் அரசியல் நிலைப்பாடாகவே இருந்தது. இதழ் ஏறக்குறைய 10 லட்சம் பிரதிகள் விற்றது. மறுபுறம், நாஜி ஆதரவாளர்களிடமிருந்து மிரட்டல்கள் வந்தன. நியூயார்க் காவல்துறை பாதுகாப்பு அளிக்க நேர்ந்தது. நகர மேயர் ஃபியரெல்லோ லா கார்டியா தொலைபேசியில் அழைத்து ஆதரவு தெரிவித்ததாகச் சைமன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

மெலிந்த இளைஞர் பெற்ற வலிமை

கதையின்படி, ஸ்டீவ் ரோஜர்ஸ் உடல் வலுவின்மையால் ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளப்படாத இளைஞர். ரகசிய ஆய்வொன்றில் செலுத்தப்பட்ட மருந்து அவரைப் பெருவலிமை கொண்டவராக மாற்றுகிறது. அதைக் கண்டுபிடித்த அறிவியலாளர் நாஜி உளவாளியால் சுட்டுக் கொல்லப்படுகிறார். மருந்தின் ரகசியமும் அவருடன் மறைகிறது. பலவீனம் இன்னதென்று அறிந்த பிறகே வலிமை பெற்றவர் என்பதால், எளியோர் பக்கம் நிற்பது அவருக்கு இயல்பாகிறது. அவரது அடையாளமாக நிலைத்த கருவியும், காக்கப் பயன்படும் கேடயமே. முதல் இதழில் முக்கோண வடிவில் இருந்த அது, இரண்டாம் இதழில் வட்டமானது.

இக்கதைகள் குறையற்றவை என்று கூறிவிட முடியாது. போர்க்கால இதழ்கள் ஜப்பானியரை இழிவான கேலிச்சித்திரங்களாக வரைந்தன. பழைய இதழ்களைத் திறப்போர் அந்தப் பக்கங்களையும் கடந்தே செல்ல வேண்டியுள்ளது.

கண்ணாடியில் தெரிந்த மற்றொரு முகம்

போருக்குப் பின் விற்பனை சரிந்து, 1950-இல் இதழ் நின்றது. 1953-54-இல் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடும் வீரராக அவர் மீட்டுக் கொண்டுவரப்பட்டபோதும் வரவேற்பு கிட்டவில்லை. 1964-இல் 'அவெஞ்சர்ஸ்' நான்காம் இதழில் ஸ்டான் லீயும் கிர்பியும் அவரை மீண்டும் உயிர்ப்பித்தனர். உலகப் போரின் இறுதியிலிருந்து அவர் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தார் என்பது புதிய கதை.

அப்படியெனில் 1950-களில் உலவியவர் யார்? 1972-இல் எழுத்தாளர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட்டும் ஓவியர் சால் புசேமாவும் இதற்கு விடை தந்தனர். அவர், கேப்டன் அமெரிக்காவைப் பித்தாக நேசித்து அவரைப் போலவே மாறிய வேறொருவர். குறைபட்ட ஆய்வால் மனம் பிறழ்ந்து, தமக்குப் பிடிக்காதோரையெல்லாம் தேசத்துரோகிகளாகக் கண்டவர். ஒரே உடை அணிந்த இருவர் மோதும் அந்தக் கதை, தேசபக்திக்கும் வெறுப்புக்கும் இடையிலான எல்லையை வெளிப்படையாக வரைந்து காட்டியது.

வெள்ளை மாளிகையில் முடிந்த தேடல்

வாட்டர்கேட் ஊழல் அமெரிக்காவை உலுக்கிய வேளையில், 1974-இல் 'ரகசியப் பேரரசு' என்ற தொடர்கதை வெளியானது. பொய் விளம்பரங்களால் நாயகர் குற்றவாளியாகச் சித்தரிக்கப்படுகிறார். சதிக் கூட்டத்தின் தலைவரைத் துரத்திச் செல்லும் அவர், வெள்ளை மாளிகைக்குள்ளேயே அந்த நபரைப் பிடிக்கிறார். முகமூடிக்குப் பின்னால் இருந்த முகம் வாசகருக்குக் காட்டப்படவில்லை. நிக்சனையே மனத்தில் கொண்டு எழுதியதாக எங்கிள்ஹார்ட் பின்னர் தெரிவித்தார். 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகுவதற்கு முன்பே அந்த இதழ் வெளியாகிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மனம் உடைந்த ஸ்டீவ் சீருடையைத் துறந்து, நாடற்றவர் என்னும் பொருளில் 'நோமட்' என்று பெயர் சூட்டிக்கொள்கிறார். ஆனால் அவர் விட்டுச்சென்ற உடையை அணிந்த அனுபவமற்ற இளைஞர் ஒருவர், 'ரெட் ஸ்கல்' என்ற நாஜி வில்லனால் கொல்லப்படுகிறார். ஏமாற்றத்தால் விலகி நிற்பதற்கும் விலை உண்டு என்பதை உணர்ந்து, ஸ்டீவ் திரும்பி வருகிறார். இம்முறை அவர் காக்க முன்வருவது ஆட்சியாளர்களை அன்று, அந்நாடு தனக்குத் தானே அளித்துக்கொண்ட சுதந்திரம், சமத்துவம் என்ற வாக்குறுதிகளை.

கேடயத்தைத் திருப்பி அளித்தவர்

1987-இல் மார்க் குரூன்வால்ட் எழுதிய கதையில், கேப்டன் அமெரிக்கா என்ற பெயரும் உடையும் கேடயமும் அரசின் உடைமை என்றும், இனி ஆணைப்படியே செயல்பட வேண்டும் என்றும் அரசு ஆணையம் அறிவிக்கிறது. ஸ்டீவ் வாதாடிப் போராடவில்லை. அனைத்தையும் ஒப்படைத்து வெளியேறுகிறார். அவரிடத்தில் அமர்த்தப்பட்ட ஜான் வாக்கர் உடல் வலிமையில் குறைந்தவர் அல்லர். எனினும், சினத்தை அடக்க இயலாமல் உயிர்களைப் பறிக்கிறார். 1989-இல் ஸ்டீவிடமே கேடயம் திரும்புகிறது.

1969-இல் 'ஃபால்கன்' என்ற கறுப்பின நாயகராக அறிமுகமான அவரது தோழர் சாம் வில்சன், 2014-இல் காமிக்ஸிலும், அண்மையில் திரைப்படத்திலும் அக்கேடயத்தை ஏந்தினார். மருந்தின் ஆற்றல் ஏதுமற்ற ஒருவரால் அதைச் சுமக்க முடிந்தது. அந்தப் பொறுப்புக்குத் தகுதியாக எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கதைகள் எதைக் கருதி வந்தன என்பதற்கு அதுவே சான்று.